மலையிலிருந்து விழும் காற்று

தீவின் மேற்குப் பக்கம் முழுக்க மலை. கிழக்கே தாழ்ந்த புல்வெளி, சில வீடுகள், ஒரு படகுத்துறை. அங்கே பனி பெய்தாலும் தங்காது, வெயில் அடித்தாலும் சுடாது. காற்றுதான் ஓயாது, ஒரு மரத்தைக்கூட அது தலையெடுக்க விட்டதில்லை.

அன்று காலை ரூனாவுக்கு நாள் முந்திக்கொண்டு இடுப்புவலி கண்டது. மலைமேல் மேகம் படுத்துக்கிடந்ததால் விமானம் இறங்க முடியாதென்று, கிழக்கே ஆஸ்பத்திரி இருக்கும் பெருந்தீவிலிருந்து சொல்லிவிட்டார்கள். மிச்சம் படகுதான். அதை ஓட்டுகிறவள் ரூனாவின் நாத்தனார் ஆஸ்லா. அந்தப் பொறுப்புக்கு அவள் வந்தது போன கோடையில்தான்.

துறையில் தண்ணீர் குளம்போல் அசையாமல் இருந்தது. ரூனாவின் கணவன் லௌரி, நேரே கிழக்கே விடச் சொல்லி அவசரப்படுத்தினான். ஆஸ்லா கடலைப் பார்த்தாள். மேற்குக் காற்று மலையுச்சியைத் தாண்டி, துறைக்கு எதிரே சற்றுத் தள்ளிக் கடலில் மோதிக்கொண்டிருந்தது. மோதிய இடமெல்லாம் வெள்ளையாகப் புகைந்தது. கரையை ஒட்டியே தெற்கு முனைவரை போய், மலை முடிந்த பிறகு வெளியே திரும்புவதென்று முடிவு செய்தாள்.

"தெற்கால போனா அலை நம்மளப் பந்தாடிரும்டி," என்றான் லௌரி.

"அலை வர்றது கண்ணுக்குத் தெரியும். மலையிலேர்ந்து விழுற காத்து சொல்லிட்டா வரும்? பேசாம அவ கையப் புடிச்சிக்கிட்டு உக்காரு."

ரூனா பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க சண்டைய அப்புறம் வச்சுக்குங்க. உள்ள இருக்கறது உங்க ரெண்டு பேரையும் விட அவசரக்குடுக்கை," என்றாள்.

முனையைத் தாண்டியதும் லௌரி சொன்னபடியே கடல் எழும்பியது. ஆஸ்லா வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் அலையையும் படகின் முன்பக்கத் தோளில் ஏற்றி இறக்கினாள். பின்னால் ரூனா திட்டுவது கேட்டது. திட்டத் தெம்பிருக்கிறதே என்று ஆஸ்லாவுக்கு நிம்மதியாக இருந்தது. பயம் வரவில்லை. வரும் அலையை முன்கூட்டியே கண்டுகொண்ட கைகள் தாமாகவே சுக்கானைத் திருப்பின.

பெருந்தீவில் கயிறு கட்டி முடிப்பதற்குள் மருத்துவச்சி படகில் ஏறிவிட்டாள். ரூனாவை ஆம்புலன்ஸுக்கு மாற்ற நேரமில்லை. படகறையிலேயே பெண் குழந்தை பிறந்தது.

லௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "அடுத்த தடவையும் தெற்காலயே போ," என்றான் தங்கையிடம்.

"அடுத்த தடவையா?" என்றது உள்ளிருந்து ரூனாவின் குரல்.

ஆஸ்லா சிரித்துக்கொண்டே சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்குமா என்று தேடிப் போனாள்.