உதட்டுக்குச் சரியான குரல்

தவக்காலம் ஜொகூரின் உள்நாட்டுக்கு வரும்போது ரப்பர் தரும் பால்மரங்களுக்கும் இலை உதிரும் காலம் வந்துவிடுகிறது. வடகிழக்கு மழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வெறுமையாய் நிற்கும். காற்றில் ஈரம் வற்றும். முதலில் ஓர் இலை செம்பு நிறம் கொள்ளும். பிறகு ஒரு கிளை. பிறகு யாரோ ஒரு துயரச் செய்தியைக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு போனதுபோல், மரத்துக்கு மரம் சிவந்து காடு முழுவதும் உதிரத் தொடங்கும். நடந்தால் காலடியில் நொறுங்கும் ஓசை. நின்றால் தலைக்கு மேல் கழன்று விழும் ஓசை. எண்ணெய்ப்பனைகள் மட்டும் எதற்கும் கலங்காமல் பச்சையாய் நிற்கும். கோவிலில் பீடத்துப் பூக்கள் அகலும்; நாவிலிருந்து அல்லேலூயா அகலும்; மக்கள் நெற்றியில் சாம்பல் ஏற்றுத் தலைகுனிந்து வெளியே வருவார்கள். மண்ணும் மறையும் ஒரே துக்கத்தை மேற்கொள்ளும் நாள்கள் அவை.

அப்படி ஒரு தவக்காலத்தில்தான், ரீத்தாவின் குரலைப் பதிந்து வைக்கும் வாய்ப்பு இன்பராணியின் கையருகே வந்து நின்றது. அவள் கை நீட்டவில்லை.

இன்பராணி குளுவாங்கில் வீட்டோடு ஓர் எடிட்டிங் அறை வைத்திருந்தாள். திருமணம், புதுநன்மை, அடக்கம் என்று ஊரார் எடுத்துவரும் படங்களை வெட்டி ஒட்டிக் கோத்துத் தருவது பிழைப்பு. பழைய பாக்களிலும் கீர்த்தனைகளிலும் ஊறிய மனம். கோவில் பாடகர் குழுவுக்கு அவளே பாட்டும் கட்டுவாள். பக்திப் பாடல்களுக்குக் காணொளி எடுத்துப் பழகும் ஜொகூர் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில், யார் எதைப் போட்டாலும் அவள் கருத்துக்காகக் காத்திருப்பார்கள். யாரையும் நோகடிக்காமல் உண்மையைச் சொல்வாள் என்று பெயர். அதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு நிறை; பிறகு குறைகள்; ஒவ்வொரு குறைக்கும் ஒரு வழி. நிறையைச் சொல்லி முடித்ததும் அதை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுவாள். வேலை குறைகளில்தானே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு கால்வின் அந்தக் குழுவில் ஒரு காணொளியின் இணைப்பைப் போட்டிருந்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவன். மாசாய் அடுக்குமாடியில் குடியிருப்பு. பாடியவள் அவன் மனைவி ரீத்தா. அவள் பிறந்த வீடு குளுவாங்கிலேயே இருந்ததால், புத்தாண்டு கழிந்து இருவரும் இன்பராணியை நேரில் பார்க்க வந்தார்கள்.

“குரலுக்குக் குறையே இல்ல ரீத்தா,” என்று முறைப்படி தொடங்கினாள் இன்பராணி. “ஆனா தம்பி, இது பாட்டா, பூக்கடை விளம்பரமா?”

கால்வின் தலையைச் சொறிந்தான். “அலமாக், அக்கா! அந்தப் பூ விரியிற எஃபெக்டுக்கு லீவு போட்டுல்ல உக்காந்தேன்.”

“எனக்கு இவரு பூ வாங்கிக் குடுத்ததே இல்லக்கா,” என்றாள் ரீத்தா. “வாங்க வேண்டியதையெல்லாம் வீடியோவுல வச்சுட்டாரு.”

மூவரும் சிரித்தார்கள். பிறகு இன்பராணி ஒவ்வொன்றாய்க் காட்டினாள். கடலின் கோடு சாய்ந்திருக்கிறது. பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். ஃபோகஸ் முகத்தை விட்டுப் பின்னால் போகும் கப்பலைப் பிடித்துக்கொள்கிறது; பாடுவது கப்பலா? கைப்பேசியைக் கையில் பிடித்து நடந்தால் படம் குதிக்கத்தான் செய்யும்.

“அப்புறம் இந்த ஷால் எதுக்கும்மா? காத்துல பறந்து வாயை மறைக்குது. கழுத்து தெரியணும். பாடுறப்போ கழுத்துலதான் உயிர் இருக்கு.”

ரீத்தாவின் விரல்கள் அன்றும் கழுத்தில் கிடந்த ஷாலின் முனையைப் பற்றின. “இருக்கட்டும்க்கா,” என்றாள்.

இன்பராணி அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். “சரி, நான் ஒரு பாட்டு கட்டி வச்சிருக்கேன். மாதாவோட புலம்பல். பெரிய வெள்ளிக்கு நீதான் பாடுற. ஒழுங்கா எடுப்போம். இந்த வீடியோவ மட்டும் எடுத்துடுங்க. நல்லது வர்றப்போ இது பக்கத்துல நிக்கக் கூடாது.”

அன்று மாலையே கால்வின் அந்தக் காணொளியை அழித்துவிட்டான். அவள் சொல்லை அவன் அவ்வளவு மதித்தான்.

கருவி வாங்க ஜொகூர் பாருவுக்கு மூவரும் சேர்ந்தே போனார்கள். இருக்கிற கைக்காசுக்கு எது முதலில் என்பதுதான் கேள்வி. கால்வின் தன் கைப்பேசியைக் கடையில் கொடுத்து, அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். இன்பராணி கேமராக்களை ஏந்திப் பார்த்தாள். லென்ஸ்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ரீத்தா மட்டும் மைக்குகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா,” என்றான் கால்வின், மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு. “சின்ன கேமராவா எடுத்துட்டு ஒரு நல்ல மைக் வாங்கலாமா? இவ பாடுறத மொதல்ல பிடிச்சு வச்சிடலாம்.”

“மைக் எதுக்குப்பா? குரலுக்கு ஸ்டூடியோ இருக்கு. உங்களுக்குக் குறை படத்துலதான். லென்ஸ்ல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.” பிறகு, வாதத்தை முடித்துவைக்கும் நோக்கில், பின்னாளில் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துநின்ற அந்தச் சொல்லைச் சொன்னாள். “பால்மரக் காடு செவந்து நிக்கிறது கொஞ்ச நாள்தான். இலை நிக்காது. குரல் எங்க போயிடப் போவுது?”

ரீத்தா கண்ணாடிப் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கேமராவும் நல்ல லென்ஸும் கை நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் கிம்பலும் வந்தன. மைக் வரவில்லை.

சாம்பல் புதன் கழிந்த சனிக்கிழமை, லாபிஸ் பக்கம் ரீத்தாவின் மாமனுக்குச் சொந்தமான பால்மரக் காட்டில் படம் எடுத்தார்கள். காடு முழுவதும் செம்மை. வாயசைப்பதற்கு முன்கூட்டியே ஒரு பாட்டு வேண்டுமே. ரீத்தாவுக்கு மெட்டு புதிது என்பதால், டிராக் குரலை இன்பராணியே பாடிக் கொண்டுவந்திருந்தாள். படம் முடிந்தபின் ரீத்தா ஸ்டூடியோவில் பாடுவாள். டிராக்கை எடுத்துவிட்டு அவள் குரலை வைத்துவிடலாம். எல்லோரும் செய்வதுதான்.

ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தது:

ஏந்திய மடியே, மகனே,
இறக்கிய மடியும் ஆனதே.

ரீத்தா அதனோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடினாள். மரங்களுக்கு இடையே அந்தக் குரல் ஏறியபோது, தூரத்தில் பால் சேகரித்துக்கொண்டிருந்த ஆள்கூட வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“நிறுத்து, நிறுத்து,” என்று கை காட்டினாள் இன்பராணி. “வாயை மட்டும் அசைம்மா. தொண்டையை இங்க செலவு பண்ணாத, ஸ்டூடியோவுக்கு மிச்சம் வை.”

“ஒரு தடவை முழுசாப் பாடிடறேனேக்கா.”

“பாடினா நரம்பு பொடைக்குது, முகம் கோணுது. உதடு போதும்.”

கேமராவில் பதியும் சத்தம் தேவையா என்று கால்வின் கேட்டான். தேவையில்லை என்றாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் அவன். அதை அறவே அணைத்துவிட்டான். ஷாலும் அன்று நீங்கியது. கழுத்தின் இடப்பக்கம் ஒரு நிழல் விழுந்ததைக் கண்ட இன்பராணி, வெளிச்சத் தட்டியைச் சற்றே திருப்பி அந்த நிழலை மறைத்தாள்.

மறுவாரம் ரீத்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, ஸ்டூடியோ நாளை இந்த வாரமே வைக்க முடியுமா?’ இன்பராணி வெட்டும் வேலையில் மூழ்கியிருந்தாள். ‘அவசரம் வேண்டாம். படம் முழுசா அமைஞ்சதும் அதுக்குத் தக்க பாடலாம்’ என்று பதில் போட்டாள். ‘சரிக்கா’ என்று வந்தது. கீழே ஒரு கைகூப்பும் சின்னம்.

தவக்காலம் பாதி கடந்தபோது கால்வின் தனியாக வந்தான். மோட்டாரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே வாசலில் நின்றான்.

“ஆபரேஷன் முடிஞ்சிருச்சுக்கா. கழுத்துல கட்டி. உசுருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.” தலைக்கவசத்தின் வாரை நெருடினான். “குரல் நரம்பைச் சுத்தி வளந்திருந்துச்சாம். போனாலும் போகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. போயிருச்சு. காத்துதான் வருது.”

இன்பராணி படியிறங்கி அவனருகே வந்தாள். “எப்பருந்து தெரியும்?”

“போன வருஷம் பிடிச்சே. தேதி ஈஸ்டருக்கு அப்புறம்னுதான் இருந்துச்சு. திடீர்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டு, எடம் காலியா இருக்கு, வாங்கன்னாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

“நான் சொல்றேன்னுதாங்க்கா சொன்னேன். அவதான் வேணாம்னுட்டா. சொன்னா பாவம் பாத்து உடனே பாட வச்சிருவாங்க. பாட்டுக்காகக் கூப்பிடட்டும், நோவுக்காக வேணாம்னு.”

பாட்டுக்காகத்தான் அழைத்தாள் இன்பராணி. அழைத்து, பாட்டை ஓரமாய் நிறுத்திவிட்டு, இலைகளைப் படம் பிடித்தாள்.

அன்றிலிருந்து அவள் தேடினாள். காட்டில் எடுத்த கோப்பு ஒவ்வொன்றையும் திறந்தாள். ஒலி ஓடவேண்டிய இடத்தில், உயிர் பிரிந்தவரின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியில் தெரிவதுபோல, நேர்க்கோடு ஓடியது. அழித்த காணொளியை மீட்க வழியில்லை; அது பிறந்த கைப்பேசி யாருடைய கைக்கோ போய்விட்டது. குழுவில் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் இணைப்பைத் தொட்டுப் பார்த்தவர்களே தவிர, எடுத்து வைத்தவர் ஒருவருமில்லை. திருமணத்துக்கு முன் ரீத்தா பாடிவந்த கோவில் பாடகர் குழுவின் பழைய பதிவுகளில் பல குரல்களின் நடுவே அவள் குரலும் இருந்தது. ஆற்றில் கலந்த குடத்து நீரை எப்படி மொண்டெடுப்பது?

கிடைத்ததெல்லாம் படம்தான். குறையில்லாத படம். நல்ல லென்ஸ் ஒவ்வோர் இமைமயிரையும் காட்டியது. வெளிச்சத்தால் மறைத்த நிழல் நிழலல்ல என்பதையும் காட்டியது. சிறு புளியங்கொட்டையளவு புடைப்பு, ரீத்தா எச்சில் விழுங்கும்போதெல்லாம் மேலேறி இறங்கியது. அந்த உதடுகள் பிரியும் இடமெல்லாம் இன்பராணியின் குரலே வந்தது. ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வந்தது.

பெரிய வியாழன் மாலை கால்வினும் ரீத்தாவும் வந்தார்கள். ரீத்தா மெலிந்திருந்தாள். ஷால் இல்லை, கழுத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு தழும்பு. கால்வின் திரையைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: “உங்க குரலே இருக்கட்டும்க்கா. உதட்டுக்குச் சரியாத்தானே இருக்கு. நாளைக்குப் போட்டுடலாம். பாக்குறவங்களுக்குத் தெரியாது.”

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே உதவ எண்ணிச் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது.

“எனக்குத் தெரியுமேப்பா,” என்றாள் இன்பராணி. டிராக் குரலைத் தெரிந்தெடுத்து அழித்தாள். மீட்டுவிடுமோ என்ற அச்சத்தில் குப்பைக் கோப்பையும் துடைத்தாள். பிறகு முதலிலிருந்து ஓட்டினாள்.

செங்காடு. விழும் இலைகள். ஓசையின்றி அசையும் ஒரு வாய். அறையில் மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும். ரீத்தா தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் மல்லாத்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏந்திய மடியே என்னும் இடம் வந்தபோது அவள் உதடுகளும் திரையின் உதடுகளோடு அசைந்தன. காற்று வந்தது. சொல் வரவில்லை. பாட்டு முடியுமுன் அவள் எழுந்து, இன்பராணியின் தோளுக்கு மேலாகக் கை நீட்டித் திரையை நிறுத்தினாள். தலையை இடவலமாய் அசைத்தாள். அதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்றது அந்த அசைவு.

மன்னிப்புக் கேட்க இன்பராணி வாயெடுத்தாள். எந்த நிறையைச் சொல்லித் தொடங்குவது? அவளுடைய முறை முழுவதும் அங்கே நொறுங்கிக் கிடந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. கோவிலில் மணி இல்லை, இசைக்கருவி இல்லை; மரப்பலகையைத் தட்டும் வறண்ட ஓசை மட்டும். பிற்பகல் வெயில் திறந்த கதவுகள் வழியே தரையில் விழுந்து கிடந்தது. சிலுவையை முத்தமிட மக்கள் வரிசையாய் நடந்தார்கள். அந்நேரம் பாடவேண்டிய புலம்பலுக்கு இன்பராணி குழுவை எழுப்பவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையின் கடைசியில், ரீத்தாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வெளியே சாலைக்கு அப்பால் பால்மரங்கள் தளிர் விட்டிருந்தன. இலைகள் திரும்பிவிட்டன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ரீத்தா மண்டியிட்டாள். ஆணி பாய்ந்த பாதங்களில் உதடு வைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே இருந்தாள். அவள் எழுந்து விலகியதும் இன்பராணி மண்டியிட்டு, அவள் முத்தமிட்ட ஈரத்தின் மேலேயே தன் உதடுகளை வைத்தாள். வேண்டுதல் ஒன்றும் எழவில்லை. எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. மரத்தின் குளிர்ச்சி மட்டும் உதட்டில் பட்டது.

எழுந்து திரும்பியபோது ரீத்தா போகாமல் நின்றிருந்தாள். மூத்தவர் இளையவருக்குச் செய்வதை அவள் செய்தாள்: கட்டைவிரலால் இன்பராணியின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். அவள் வாய் அசைந்தது. பக்கத்தில் நின்றவர்க்கு ஒன்றும் கேட்டிராது. ஆனால் அந்த உதடுகளை வாரக்கணக்கில் ஓசையோடும் ஓசையின்றியும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண்கள் இன்பராணியுடையவை; அவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.

“உங்க கண்ணுக்கும் காதுக்கும் ஆண்டவர் துணையா இருக்கட்டும், அக்கா.”