ரத்தம் பார்த்த குழாய்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விலாவோடு விலா உரச நெருக்கியடித்து நின்ற விசைப்படகுகளில் ஒன்றின் அடியில், எட்டடி ஆழத்தில், திலீப்பின் பல் அசைந்தது. ஒரு கையால் சுக்கானைப் பற்றிக்கொண்டு, மறு கையால் எஞ்சின் விசிறியில் ஏறியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வந்த காற்றுக்குழாயின் முனை அவன் முன்பற்களுக்கிடையே இருந்தது. கடலடியில் வேலை செய்பவனுக்கு வாய்தான் மூன்றாவது கை. மற்ற இரண்டு கைகளும் கூலிக்கு உழைக்க, உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அது. அலையின் ஒரு சிறு உலுக்கலில் குழாய் இழுபட்டது. கூடவே கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு, உளுத்த பலகையில் அறைந்த ஆணிகளைப் போல முன்னால் சாய்ந்து திரும்பின. வலியே இல்லை. வலி இல்லாததுதான் அவனுக்குத் திகிலாக இருந்தது.

மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தான். குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த உபைதுல்லா குனிந்து பார்த்தான். கம்ப்ரசர் அவனுடையது; ஆறு வருடங்களாகத் திலீப்பின் காற்று அவன் கையில்தான் இருந்தது.

"இன்னா மாமு, அதுக்குள்ள வந்துட்ட? கீழ எதனா கடல்கன்னி கண்ணடிச்சாளா?"

"காத்துல டீசல் வாசன அடிக்குது பாய்."

"எம்மேல பழி போடாத. நேத்துதான் பில்டரு மாத்துனேன்."

திலீப் நாக்கின் நுனியால் அந்த இரண்டு பற்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு சிகரெட்டை விட்டபோது, தன்னைவிடப் புத்திசாலி இந்தத் துறைமுகத்தில் இல்லை என்று அவன் நினைத்தான். தண்ணீருக்குள் இறங்குபவனுக்கு நெஞ்சுதான் முதல் என்று எண்ணி, கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு கடையில், மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த வேப் என்ற மின்சிகரெட் கருவியை வாங்கிவந்தான். தடை செய்யப்பட்ட சரக்கு என்பதே அதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. நெருப்பில்லை, சாம்பலில்லை, பல்லில் கறையில்லை. இழுத்தால் மாம்பழ வாசனை. வாய் எந்நேரமும் வறண்டு கிடந்தது உண்மைதான். அது கம்ப்ரசர் காற்றால் வந்தது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். பல் துலக்கும்போது மனைவி ராமசெல்வியின் ஈறில் ரத்தம் கசிந்தால், உதட்டை விரித்துத் தன் வெளிறிய ஈறைக் காட்டிப் பெருமையடிப்பான்.

"பாரு, பாற மாரி கீது. ஒரு சொட்டு வந்துகீதா?"

"பாற இருக்கட்டும்யா. மாங்கா மண்டிக்குப் பின்னால சாக்கட ஓடுற மாரி கீது உன் வாயி. கொஞ்சம் தள்ளி நின்னு பேசு."

பல் அசைந்த மறுநாள், அரசுப் பல் மருத்துவமனையில் அவனைப் பார்த்த டாக்டர் கீர்த்திக்கு அவனுடைய வயதுதான் இருக்கும், திருவொற்றியூர்க்காரி. மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கி, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். மூன்று. நான்கு. ஆறு. ஏழு. திலீப்புக்கு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது நினைவுக்கு வந்தது. ஆழம் கூடிக்கொண்டே போவது நல்ல சேதியல்ல என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரத்தமே வராதே டாக்டரு எனக்கு," என்றான்.

"அதுதாங்க ஆபத்து. நம்ம பக்கத்துல ஒரு கம்பெனின்னு வெச்சுக்கங்க. கேஸ் கசியுது. யாரோ சைரன் ஒயரைப் புடுங்கி வெச்சிருக்காங்க. ஊரே நிம்மதியாத் தூங்குது. நீங்க இழுக்கறீங்களே, அதுல இருக்கிற நிகோடின் ஈறுல ரத்தக் குழாயைச் சுருக்கிடுது. உள்ள புண்ணாகி, எலும்பே கரைஞ்சாலும் ரத்தம் காட்டிக் கொடுக்காது. எச்சில் வறண்டுபோன வாய் கிருமிக்கு இன்னும் வசதி."

"போன எலும்பு?"

"அது திரும்பாது. ஆனா இன்னிக்கே விட்டீங்கன்னா இருக்கிறது நிக்கும், ஈறு இறுகும். விட்ட கொஞ்ச நாள்ல ரத்தம் வரலாம். பயந்துட்டு மறுபடி அதைத் தொடாதீங்க. சைரன் வேலை செய்யுதுன்னு அர்த்தம். என்கிட்ட வாங்க."

ஆடிய பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக ஒரு மெல்லிய கம்பியால் கட்டினார். இனி குழாயை முன்பல்லால் கடிக்கக் கூடாது, கடைவாய்ப் பக்கம் ஒதுக்கிக் கவ்வ வேண்டும் என்றார்.

அன்று மாலையே வேப் கருவியை உபைதுல்லாவின் கையில் கொடுத்தான். "உன் ஸ்பேனர் பொட்டில போட்டுப் பூட்டு பாய். நா கெஞ்சினாலும் குடுக்காத."

"ஏன், சாமியாரா ஆவப் போறியா?"

முதல் வாரம் அவன் வீட்டில் யாரும் அவனிடம் பேசத் துணியவில்லை. கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கூண்டில் அடைபட்டவன் போல அறைக்குள் நடந்தான். ஒன்பதாம் நாள் ஒரு சிறிய அதிசயம் நடந்தது. நெத்திலிக் குழம்பை வாயில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னா இது, உப்ப அள்ளிக் கொட்டிகீற?"

ராமசெல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசமா உப்பு பத்தல, உப்பு பத்தலன்னு நீ சொல்லித்தான்யா இவ்ளோ போடுறேன். நாங்கல்லாம் தண்ணி ஊத்திக்கினு துன்றோம்." சொல்லிவிட்டு, சட்டென்று புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் நாவில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. அதை விழுங்குவதே புதிதாக இருந்தது.

பதினான்காம் நாள் பல்துலக்கியின் நுரை சிவந்தது. டாக்டரின் சொல் நினைவிருந்தும் இரண்டு முறை கொப்பளித்துத் துப்பிப் பார்த்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாள் வந்தது. நள்ளிரவில் படகுகள் கிளம்ப வேண்டும். மதியத்திலிருந்தே துறைமுகம் இரைச்சலாக இருந்தது. பனிக்கட்டி வண்டிகள், டீசல் பீப்பாய்கள், பூசைச் சாமான்கள். இடம் மாற்றும் அவசரத்தில் சுப்புராயனின் படகு பக்கத்துப் படகின் நங்கூரக் கயிற்றை விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. இறங்கி அறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. திலீப் குழாயைக் கடைவாயில் கவ்வி, காற்று சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டுவதற்காக அதைக் கையில் எடுத்தான். உபைதுல்லாவின் பார்வை குழாயின் முனையில் நின்றது. பல் பதிந்த பள்ளங்களில் சிவப்பு.

உபைதுல்லா கம்ப்ரசரை அணைத்துவிட்டான்.

அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ரத்தம் பார்த்த குழாயோடு யாரையும் கீழே விடுவதில்லை. திலீப்புக்கு முன்னால் இறங்கியவர் கிருஷ்ணப்பன். ஒருநாள் அவர் இதேபோலச் சிவப்பைத் துப்பிவிட்டு, "ஒண்ணுமில்ல, பல்லு கடிச்சிக்கினேன்" என்று சொல்லி இறங்கினார். அது பல்லில் இருந்து வரவில்லை, நெஞ்சிலிருந்து வந்தது. கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுத்தவன் உபைதுல்லாதான். அவருடைய பாரம் இன்னும் அவன் உள்ளங்கையில் இருந்தது.

"ஈறு பாய் இது. டாக்டரு சொல்லிகீறாங்க. அறுந்துபோன சைரன் ஒயர திரும்ப மாட்டிகீறேன். அதான் அலறுது."

"சைரன் அலறுனா வெளிய ஓடணும் மாமு. உள்ள பூரக்கூடாது."

"தோ பாரு. நல்லாப் பாத்துக்க." திலீப் வெயிலைப் பார்த்துத் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான். உபைதுல்லா தயங்கி, கிரீஸ் விரலை லுங்கியில் துடைத்துவிட்டு, நண்பனின் கீழுதட்டை விலக்கினான். வெளிறிக் கிடந்த ஈறு இப்போது மீன் செவுளைப் போலச் சிவந்திருந்தது. விரல் பட்ட இடத்தில் பல்லின் அடியில் குண்டூசி முனையளவு ரத்தம் எழும்பியது.

"இங்கிருந்து வருது. சரி," என்றான் உபைதுல்லா. அவன் குரல் இறங்கியிருந்தது. "அங்கேர்ந்தும் வரலன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"எவ்ளோ நேரம்டா குசுகுசுன்னு பேசுவீங்க? விட்டா இங்கியே பாய் போட்டுப் படுத்துருவீங்க போல," என்று படகின் முன்பக்க அணியத்திலிருந்து சுப்புராயன் கத்தினார். "முடியலன்னா சொல்லு, வேற ஆள கூட்டாறேன்."

உபைதுல்லா சட்டென்று ஸ்பேனர் பெட்டியைத் திறந்தான். அடியில், கந்தல் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து, குழாய்க்குப் பக்கத்தில் பலகையில் வைத்தான்.

"இத இழுத்துகினு இருந்தப்ப ஒரு நாளும் ரத்தம் வரல. நானும் பயமில்லாம உன்ன உட்டேன். ரெண்டு நாள் இழு. நின்னுச்சுன்னா நாளான்னிக்கு இறங்கு. எனக்கு வேற வழி தெரில மாமு."

பலகையில் இரண்டு முனைகளும் அருகருகே கிடந்தன. இரண்டிலும் திலீப்பின் வாய் பட்ட தடம் இருந்தது. கந்தலிலிருந்து மாம்பழ வாசனை மெல்ல எழுந்தது. அவன் நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்தது. அந்த வாசனைக்கா, நெத்திலிக் குழம்பின் நினைவுக்கா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவன் குழாயை எடுத்தான். கடல்நீரில் அலசி, கடைவாயில் ஒதுக்கிக் கவ்வினான். விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டு, திரும்பிப் பார்க்காமல், இடுப்புக் கயிற்றின் நுனியைப் பின்னால் நீட்டினான். சிறிது நேரம் அது காற்றில் நின்றது. பிறகு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

உதட்டோரம் வழிந்த ஒரு துளி, டீசல் படலம் மினுங்கிய நீரில் விழுந்து விரிந்தது. முதுகுக்குப் பின்னால், கம்ப்ரசரைக் கிளப்பும் இழுகயிறு அதன் சக்கரத்தில் சுற்றப்படும் ஓசை கேட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குழாயில் இன்னும் காற்று வரவில்லை.