கடைசி நேர்முக வர்ணனை

“எங்கள் சக அறிவிப்பாளர் இரத்தினசிங்கம் அவர்களிடம் மேலதிகமாக ஒரு பேனை இருக்குமாயின், அதனை அவர் சற்றே இடப்புறமாக நகர்த்தி வைப்பார் என எதிர்பார்க்கின்றோம்” என்று யோசேப் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இரத்தினசிங்கம் பக்கத்துக் கதிரையில், முழங்கை முட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவர் தன் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், “பேனை வழங்கப்படுகின்றது, நேயர்களே. சென்ற வருடம் வழங்கப்பட்ட பேனை இன்றுவரை திரும்பி வரவில்லை என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்கின்றோம்” என்றார். கீழே டென்மார்க்கின் இக்காஸ்ட் மைதானத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இதயம் இதயமாக அனுப்பித் தள்ளினார்கள்.

வெளிநாட்டு நேயர்கள் இதை நகைச்சுவை என்றுதான் நினைத்தார்கள். டென்மார்க்கில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். அறிவிப்பாளர்கள் இருவருக்கும் நாலு வருடமாகக் கதை பேச்சு இல்லை. கோயிலில் கண்டால் ஒருவர் கூரையைப் பார்ப்பார். தமிழ்க் கடையில் கண்டால் மற்றவர் முருங்கைக்காயை எண்ணுவார். ஆனால் கோடைகாலத்து ஞாயிறுகளில், பார்வையாளர் மேடையின் உச்சியில் இருக்கும் அந்தப் பலகைக் கூண்டுக்குள் ஏறி, மைக்கைத் திறந்துவிட்டால், பால் தேன் என்று பேச்சு ஓடும். மைக்கை மூடினால் கதையும் மூடும். யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை இருவரும் ஒருநாளும் மீறியதில்லை. யன்னலைச் சாத்துவதென்றாலும், ஒருவர் சலம் கழிக்கப் போவதென்றாலும், அது முந்நூறு பேருக்கு அறிவிக்கப்பட்டுத்தான் நடந்தது.

அன்று மைதானத்தின் கடைசிநாள். முன்னொரு காலத்தில் நெசவாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சின்ன மைதானம் அது. டெனிஷ்காரர் புது மைதானத்துக்குப் போனபிறகு, இருபத்தெட்டு வருடமாகத் தமிழர்களின் எல்லேப் போட்டி அங்கேதான் நடந்தது. எல்லே தெரியாதவர்களுக்குச் சொன்னால், தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓடிவர வேண்டும், வழியில் பந்தால் எறிபட்டால் ஆட்டமிழப்பு. மைதானத்தைப் பராமரிக்கும் பிரெபென், இது தான் பள்ளிக்கூடத்தில் விளையாடிய ரூன்போல்ட்தான் என்று சாதிப்பார். அடுத்த மாதம் அங்கே வயது போனவர்களுக்கு வீடு கட்டப்போவதாக நகரசபை கடிதம் போட்டிருந்தது. “அப்ப இன்னும் கொஞ்சக் காலத்தில நாங்கள் எல்லாரும் திரும்ப இஞ்சதான்” என்று விளையாட்டுக் கழகத் தலைவர் தவராஜா சொன்ன பகிடிக்கு, அறுபது தாண்டியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிரியாவிடை என்றால் எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? ‘இறுதிச் சுற்று’ என்று அச்சடித்த மஞ்சள் சட்டையை எல்லோரும் போட்டிருந்தார்கள். கிரின்ஸ்டெட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் தோட்டக் கரண்டியால் புல்லைத் தோண்டி, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் தோண்டத் தொடங்க, இரண்டாம் கம்பத்தடி கிணறு வெட்டிய இடம் மாதிரி ஆயிற்று. பிரெபென் கையை விரித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். பிள்ளைகள் வரிசையில் நின்று கூண்டுக்குக் கீழே படம் எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு, வாயில் வரும் தமிழே இந்த இருவரின் தமிழ்தான். தாய்க்கு டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, இடியப்பத்தை வாயில் வைத்தவுடன் “அபாரம், அற்புதமான ஆட்டம்!” என்று கத்தும்.

இதையெல்லாம் யோசேப் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மைதானம் போவது கவலைதான், ஆனால் அவருடைய கலக்கம் வேறு. கூண்டு போனால் மைக் போகும். மைக் போனால் இந்த மனிசனோடு இனி எங்கே கதைப்பது? காலையில் வெளிக்கிடும்போது மனைவி பற்றிமா அதைத்தான் கேட்டாள்.

“இண்டைக்குச் சொல்லாட்டி இனி எப்ப சொல்லப் போறியள்? மைக்கைக் கொண்டந்து குசினிக்குள்ள பூட்டப் போறியளோ?”

“அவர் வரட்டுமன் முதல்ல.”

“அவரும் இதைத்தானாம் சொல்லுறார். இப்பதான் செல்வமலர் சொன்னவா.”

பற்றிமாவும் இரத்தினசிங்கத்தின் மனைவி செல்வமலரும் தினமும் காலையில் போனில் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பிளவு ஆண்களுக்கு மட்டும்தான். கறி, பலகாரம், நோய் நொடி விபரம் எல்லாம் தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தன.

விஷயம் யோசேப்பின் மகள் சுஜாந்தினியின் கலியாணத்தில் தொடங்கியது. எங்கள் வழக்கத்தில் கலியாண அழைப்புக் காட் தபாலில் போகாது, போனில் போகாது. புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்ல வேண்டும். யோசேப்பும் பற்றிமாவும் விபோர்க் தொடக்கம் கிரின்ஸ்டெட் வரைக்கும் நூற்றி இருபது வீட்டுக்குப் போய், நூற்றி இருபது தேத்தண்ணி குடித்தார்கள். இரத்தினசிங்கத்தின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். போனபோது வீடு பூட்டியிருந்தது. “நாளைக்கு வருவம்” என்றாள் பற்றிமா. “சிங்கம் எங்கட ஆள், அவருக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு” என்று யோசேப் காட்டைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டார். ‘விளம்பரம் வேண்டாம்’ என்று ஒட்டியிருந்த பெட்டி அது.

“இருபது வருசம் பக்கத்தில இருந்தனான். கடைசியில மரக்கறி விலைத்தாள் மாதிரித் தள்ளிப்போட்டுப் போட்டான்” என்று இரத்தினசிங்கம் சொன்னதாகத் தகவல் வந்தது. கலியாணத்துக்கு அவர் வரவில்லை. அது யோசேப்புக்குப் பெரிய அடி. ஏனென்றால் மண்டபத்தில் அறிவிப்புச் செய்வது இரத்தினசிங்கம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தே இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. அதையும் கேட்க வேண்டும் என்று யோசேப்புக்குத் தோன்றவில்லை. அன்று தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வந்தபோது, மண்டபத்து மைக் ஆளில்லாமல் நின்றது. பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வந்தபோது, வந்துவிட்டார்கள் என்று சொல்ல ஒருவர் இல்லை. யோசேப் அதை மறக்கவே இல்லை.

ஆனாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு எடுத்திருந்தார். மத்தியான இடைவேளையில் இரத்தினசிங்கம் மைக்கை மூடினார். கூண்டுக்குள் சத்தம் அடங்கியது. இதுதான் நேரம் என்று யோசேப் தொண்டையைச் செருமினார். இரத்தினசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். யோசேப் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் என்ன செய்வதென்று தெரியாமல், இடைவேளைத் தீனியாக வந்திருந்த இறைச்சி றோல்ஸ் ஒன்றை வைத்தார். அதை மென்று விழுங்கினார். மறுபடியும் செருமினார், மறுபடியும் ஒரு றோல்ஸ். நாலு றோல்ஸ் முடிந்தபோது இடைவேளையும் முடிந்தது. மைக் திறந்ததும் இரத்தினசிங்கம், “எங்கள் சக அறிவிப்பாளர் இன்று நல்ல பசியோடு வந்திருக்கின்றார்” என்று அறிவித்தார். சனம் கைதட்டியது.

இறுதி ஆட்டம் விபோர்க்குக்கும் கிரின்ஸ்டெட்டுக்கும். கடைசிப் பந்தை நிரோஜன் என்ற கிரின்ஸ்டெட் பெடியன் ஓங்கி அடிக்க, அது வேலியைத் தாண்டிப் போய் யாரோ ஒரு டெனிஷ்காரரின் தக்காளிக் கூடாரத்துக்குள் விழுந்தது. “பந்து மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டது, நாங்களும் வெளியேற வேண்டிய நேரம்” என்று இரத்தினசிங்கம் சொன்னார். வெற்றிக் கிண்ணம் கொடுத்தார்கள். அறிவிப்பாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. சில பெண்கள் அழுதார்கள், தவராஜா எல்லோரையும் விட அதிகமாக அழுதார். நேரம் ஐந்து ஐம்பது. ஒலிபெருக்கிக்கு நகரசபை தந்த அனுமதி ஆறு மணி வரைக்கும்தான். பிரெபென் மின்சாரப் பெட்டியடியில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

யோசேப் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

“நேயர்களே, ஒரு பழைய ஆட்டம் பற்றிய மீள்பார்வை. நாலு வருடங்களுக்கு முன்னர் யோசேப் என்ற ஆட்டக்காரர் ஒரு பாரிய தவறை இழைத்தார். நூற்றி இருபது வீடுகளுக்கு நடையாய் நடந்தவர், ஒரு வீட்டுக்கு மட்டும் தபால் பெட்டியைப் பாவித்தார்.”

கீழே கூடாரம் மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்தது பாதியில் நிற்க மேலே பார்த்தார்கள். காரை எடுத்தவர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

“அதற்கான காரணத்தை அவர் இதுவரை வெளியிடவில்லை. அந்த வீட்டுக்காரரை அவர் விருந்தாளி என்று நினைக்கவில்லை. கலியாண வீட்டு ஆளாகவே நினைத்தார். தன் வீட்டு ஆளுக்கு யாராவது காட் குடுப்பினமோ எண்டு…” அறிவிப்புத் தமிழ் கைவிட்டுப் போனது. யோசேப் நிறுத்தி மூச்சு வாங்கினார். “நான் வந்திருக்க வேணும், அண்ணை. அடுத்த நாள் வந்திருக்க வேணும்.”

இரத்தினசிங்கம் கொப்பியில் எழுதியிருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மைக்கை எடுத்தார்.

“நேயர்களே, குறித்த தினத்தில் இரத்தினசிங்கம் என்பவர்…”

டக் என்று எல்லாம் நின்றது. ஆறு மணி. பிரெபென் சுவிட்சை இறக்கிவிட்டார். ஒலிபெருக்கியும் இணையமும் ஒன்றாகச் செத்தன. ரொறன்ரோவில் என்ன நடந்ததோ தெரியாது, இக்காஸ்டில் பெரும் ஆர்ப்பாட்டம் எழுந்தது. “கேக்கேல்லை! அண்ணை, கேக்கேல்லை!” என்று சனம் கத்தியது. தவராஜா ஓடிப்போய் இரண்டே இரண்டு நிமிடம் தரும்படி பிரெபெனைக் கும்பிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நிமிடம் கூட்டிக் கொடுத்திராத அந்த மனிசன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

மேலே யோசேப் தன் மைக்கை மேசையில் வைத்தார். மைக் மூடினால் கதையும் மூடும். அதுதான் சட்டம். இனி இந்த மனிசன் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். மேசையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்துகிடந்தது. இரத்தினசிங்கம் அந்த விளக்கைப் பார்த்தார். அவர் பார்த்ததை யோசேப் பார்த்தார். இரத்தினசிங்கம் மைக்கை விரலால் இரண்டு முறை தட்டினார். சத்தம் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிற ஆள் போல அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“நேயர்களே, குறித்த தினத்தில் இரத்தினசிங்கம் என்பவர் சூட் போட்டு, சென்ற் பூசி, தேவாலயத்தின் கார்த் தரிப்பிடம் வரைக்கும் சென்றிருந்தார் என்பது இதுவரை வெளிவராத தகவல். பூசை முடியும்வரைக்கும் அவர் காருக்குள் இருந்தார். ஒருவர் வந்து கண்ணாடியில் தட்டி, ‘ஏன் அண்ணை இஞ்ச இருக்கிறியள், வாங்கோ’ என்று கூப்பிடுவார் என அவர் எதிர்பார்த்தார்.”

யோசேப் தன் செத்த மைக்கைத் தூக்கி, “தேவாலயத்தின் எந்தப் பக்கத்துத் தரிப்பிடம் என்பதை அறிய நேயர்கள் ஆவலாக உள்ளனர்” என்றார்.

“பின்பக்கம்.”

“பின்பக்கத்தில் காரை விட்டால் பொம்பிளையின் தகப்பனுக்கு எப்படித் தெரியவரும் என்று நேயர்கள் கேட்கின்றனர்.”

“மனம் இருந்தால் தெரியவரும் என்று எமது அவதானிப்பாளர்கள் கருதுகின்றனர்.”

கீழே சனம் கொஞ்சநேரம் காதைத் தீட்டிப் பார்த்துவிட்டுக் கலையத் தொடங்கியது. பற்றிமா படியில் ஏறி இருவரையும் கூப்பிடப் போனாள். செல்வமலர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கோ அக்கா. கதைக்கட்டும்.” இருவரும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்ச வடையைச் சாப்பிட்டார்கள்.

கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அவற்றையும் விடாமல் வர்ணித்தார்கள். யாருடைய கார் எந்த வாசலால் போகிறது, யார் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் கஷ்டப்படுகிறார், எந்தக் காரின் கூரையில் ஐஸ்கிறீம் பெட்டிப் புல் மறந்துபோய்ப் பயணம் செய்கிறது. நடுநடுவே சுஜாந்தினிக்கு எத்தனை பிள்ளை என்று இரத்தினசிங்கம் நேயர்கள் சார்பில் கேட்டார். இரண்டு என்று யோசேப் நேயர்களுக்கு அறிவித்தார். கடைசிக் காரும் போனபோது மைதானத்தில் பிரெபென் மட்டும்தான் மிஞ்சினார். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பங்களைப் பிடுங்க வந்தார்.

“இதோ, பிரெபென் அவர்கள் களமிறங்குகின்றார்” என்றார் இரத்தினசிங்கம். “முதலாம் கம்பத்தை ஒரே இழுவையில் பிடுங்கிவிட்டார்!”

“இரண்டாம் கம்பத்தடியில் புல் இல்லாத காரணத்தால் அதுவும் இலகுவாக வந்துவிட்டது, நேயர்களே.”

பிரெபென் மூன்றாவதையும் பிடுங்கித் தோளில் போட்டார். கூண்டுக்குள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மைதானத்தில் இனி வர்ணிக்க நின்றது ஒரு கம்பம்தான். பிரெபெனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம், எட்டி எட்டி நடந்தார். இரத்தினசிங்கம் மைக்கோடு யன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். யோசேப் அவர் பொன்னாடையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மெதுவாக, பிரெபென் அவர்களே, மெதுவாக” என்று வேலை செய்யாத மைக்கில் கெஞ்சினார்.