விடை இல்லை என்ற கணினி

காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வகத்தில் வேதாவுக்கு அதிர்வுக் கணக்குகள் போடும் வேலை. மூன்று மணிக்கு மீட்டிங். இரண்டரைக்கு அவளுடைய இயற்கணித மென்பொருள் ‘விடை இல்லை’ என்று கைவிரித்துவிட்டது. சுருள்வில்லின் விறைப்பைத்தான் அவள் கேட்டிருந்தாள். சமன்பாட்டில் அதற்கு ‘கே’ என்று பெயர்.

“சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு வேதா. எடுத்துட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிடலாம்,” என்றான் பக்கத்து இருக்கை பிளஸ்ஸன்.

“நக்கோ, வேண்டாம் பிளஸ்ஸன். நேத்து இதே மாதிரி சமன்பாட்டுக்கு விடை சொல்லுச்சே. இன்னைக்கு நான் என்ன பண்ணேன்னு பாக்கறேன்.”

அவள் பதறவில்லை. புது வரியில் கே என்ற எழுத்தை மட்டும் தட்டினாள். அந்த எழுத்தே திரும்பி வந்திருக்க வேண்டும், வந்ததோ ஐந்து. காலையில் ஒரு வரைபடத்துக்காக, கே என்றால் ஐந்து என்று அவளேதான் கொடுத்திருந்தாள். பிறகு வரைபடத்தை அழித்துவிட்டாள். மென்பொருள் ஐந்தை மறக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஓர் எண் உட்கார்ந்திருந்தால் அது எதைத் தேடும்?

அந்த மதிப்பை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். இரண்டு விடைகள் வந்தன. ஒன்று மைனஸ், வில்லுக்கு அது ஆகாது. மற்றதைச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மீட்டிங்கில் அதிகாரி லக்ஷ்மிநாராயணன் கேட்டார். “சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுன்னாங்களே?”

“அதுல ஒண்ணுமில்ல சார், தப்பு என்னுது. சரி பண்ணிட்டேன்,” என்று வேதா முதல் ஸ்லைடைத் திறந்தாள்.