களை கட்டிய தோட்டம்

சலூன்காரருக்கு ஒழுங்கு என்றால் உயிர். காதோரம் ஒரே ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆளை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விட மாட்டார். அப்படிப்பட்ட மனிதரின் கடைக்கு எதிரே வந்து வாய்த்ததே ஒரு தோட்டம்! சந்தின் மறுபக்கம், ரிட்டயரான நர்சம்மா வீட்டு முன்வாசல். பாத்தி கிடையாது, வரிசை கிடையாது. தானாக முளைத்ததையெல்லாம் அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். "அது தோட்டமா? ஆறு மாசம் முடி வெட்டாத தலை!" என்று சலூன்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நர்சம்மாவுக்கு நாலு வருடமாகக் கண்ணில் புரை. செடிகளைத் தடவிப் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார். ஒருவழியாக ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்து, மகள் வந்து காரில் ஏற்றிக்கொண்டாள். கார் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி அவர் கத்தியது, இஞ்சின் சத்தத்தில் அரைகுறையாகத்தான் சலூன்காரர் காதில் விழுந்தது.

"தம்பி, தோட்டம்... களை... இருக்கு, பாத்துக்கப்பா!"

களையா? அப்பாடா, இப்போதாவது தோன்றியதே என்று சலூன்காரர் பூரித்துப் போனார். உதவி என்று கேட்டுவிட்டால் அரைமனதாகச் செய்கிற ஆள் இல்லை அவர். விடுமுறை நாளன்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கினார். வெட்ட வேண்டியதை வெட்டி, பிடுங்க வேண்டியதை வேரோடு பிடுங்கி, சாயங்காலத்துக்குள் தரையை வழுவழுவென்று மழித்துவிட்டார். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சலூன் பெஞ்சில் காத்திருந்த யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" "நான் அப்புறம் வரேன்." முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் முணுமுணுக்காமல் உட்கார்ந்திருந்த ஆட்கள்! சலூன்காரருக்கும் கை ஓடவில்லை. கண்ணாடியில், வாடிக்கையாளர் தலைக்குப் பின்னால் வெறும் சுவர் தெரிந்தது. பதினெட்டு வருடமாக அந்த இடத்தில் பச்சையும் ஊதாவும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் அத்தனை தலைகளுக்கும் முடி வெட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சே, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று நொந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து நர்சம்மாவின் மகளிடமிருந்து போன்.

"அண்ணே, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் நேரா வீட்டுக்குத்தான். 'தோட்டம் இப்பத்தான் களை கட்டியிருக்கு, முதல்ல அதைத்தான் பாக்கணும்'னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. அப்படியே இருக்குல்ல?"

அப்போ அந்த அம்மாள் சொன்னது 'களை இருக்கு' என்று இல்லையா? 'களை கட்டியிருக்கு' என்றா! கார் ஒரு சொல்லை விழுங்கப் போய், இவர் ஒரு தோட்டத்தையே விழுங்கிவிட்டார். "ம்... வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் கார் வந்து நின்றது. கருப்புக் கண்ணாடியோடு இறங்கிய நர்சம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவர் முகத்தில் சோப்பு நுரையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சலூன்காரர் ஓடினார்.

"அம்மா, நான்தான். களை எடுக்கச் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன். பாவி, எல்லாத்தையும்..."

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றி, வெறும் தரையையே பார்த்தார். நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது இவருக்கு.

"இந்த நாலு வருசமா எனக்கு எல்லாமே மங்கலாத்தான் தெரிஞ்சுதுப்பா," என்றார் கடைசியில். "எது என்ன நிறத்துல பூத்துச்சுன்னுகூடத் தெரியாது. நீ தினம் பாத்தவன். என்ன இருந்துச்சு, சொல்லு."

சலூன்காரருக்கு ஒரு செடியின் பெயரும் தெரியாதே! ஆனால் விரல் தானாகச் சுவரோரம் நீண்டது.

"அங்க ஒரு கொடிம்மா. காலைல நீலமா இருக்கும், பத்து மணிக்கு ஊதாவா மாறிடும், மத்தியானம் சுருண்டுக்கும். அதுக்குக் கீழ நகத்தளவு மஞ்சப்பூ. மழை பேஞ்சா மறுநாளே கூட்டமா வந்துடும்..."

திறந்த வாயை மூடவில்லை மனிதர். படியோரம், வேலிச்சந்து என்று மூலை மூலையாகச் சொல்லிக்கொண்டே போனார். முகத்தில் நுரை காயக் காய வந்து நின்ற வாடிக்கையாளர், "குழாயடியில சிவப்பா ஒண்ணு இருந்துச்சே, அதை விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அப்புறம்?" என்று கேட்டபடி படியில் உட்கார்ந்த நர்சம்மா, புதிதாகத் தெரியத் தொடங்கியிருந்த கண்ணை மெல்ல மூடிக்கொண்டார்.