நாற்காலியோடு வந்த தெரு

எங்கள் தெருவில் பனி கொட்டி ஓய்ந்ததும் ஒரே சட்டம்தான். எவர் மண்வாரி எடுத்துத் தன் காருக்கு இடம் தோண்டினாரோ, பனி உருகும்வரை அந்த இடம் அவருடையது. காரை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். சாயம் போன கடற்கரை நாற்காலியோ, முதுகு உடைந்த சமையலறை நாற்காலியோ, அது நிற்கும்வரை அங்கே வேறு வண்டி நிற்கக்கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் எங்கள் பால்டிமோர் நகரத்தில் பெண்டாட்டியை விட்டு ஓடினவனைக்கூட மன்னிப்பார்கள், நாற்காலியை நகர்த்தியவனை மன்னிக்க மாட்டார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

என் பெயர் வெர்னெட்டா. முனையில் தலைமுடி பின்னும் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் லூசியஸ் உருக்காலையில் முதுகை ஒடித்துக்கொண்டு உழைத்த மனிதர். இப்போது ஒரு கால் இல்லை, சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முன்பக்கம் உயரமான பளிங்குப் படிகள், அதில் சக்கர நாற்காலி இறங்காது. அதனால் மருத்துவமனை வேன் பின்பக்கச் சந்துக்குத்தான் வரும். மாநகராட்சியின் பனி வண்டி பெரிய சாலைகளைத்தான் பார்க்கும், எங்கள் சந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அந்தச் சந்தைச் சுத்தம் செய்வது எங்கள் வட்டாரத்தின் ஆட்கள்.

வட்டாரம் என்றால் சிறப்பு வரி வட்டாரம். வீட்டு வரியோடு இந்தப் பத்துப் பன்னிரண்டு தெருக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறோம். வசூலிப்பது மாநகராட்சி, செலவு செய்வது நாங்களே தேர்ந்தெடுத்த குழு. அந்தப் பணத்தில் சந்துகளைப் பெருக்குகிறார்கள், எலிப் பொந்துகளை அடைக்கிறார்கள், இருட்டிய பிறகு பேருந்திலிருந்து இறங்கும் பெண்களை வீடுவரை கூட்டிப்போய் விடுகிறார்கள். பனி பெய்தால் வயதானவர்களின் வாசலையும் சந்துகளையும் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் நாலு வருடத்துக்கு ஒருமுறை குடியிருப்பவர்கள் கூடி, ‘வேண்டும்’ என்று கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வட்டாரம் கலைந்துபோகும்.

கலைந்தால் வேன் வராது. வேன் வராவிட்டால் லூசியஸ் வீட்டில் இருக்க முடியாது. அட்லாண்டாவில் இருக்கும் எங்கள் மகள் ஏற்கெனவே முதியோர் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டாள். லூசியஸ் அதைப் பற்றிப் பேச மாட்டார். சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மனிதரை அந்த ஜன்னலிலிருந்து பிய்த்து எடுத்தால் உயிர் நிற்குமா?

அந்த வருடம் குழுவின் தலைவர் விட்ஃபோர்ட் பெல். இதே தெருவில் பிறந்து, இதே சந்தில் பந்து எறிந்து விளையாடியவன். காசு வந்ததும் ஊருக்கு வெளியே தோட்டம் துரவோடு வீடு கட்டிப் போய்விட்டான். இங்கே வீடுகளை வாங்கி வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். குழுவில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஓர் இடம் உண்டு, அதில் வந்து உட்கார்ந்தான். தலைமைப் பதவி முறை வைத்துச் சுற்றி வரும், அந்த வருடம் அவன் மடியில் விழுந்தது. அத்தனை வீட்டுக்கும் கூடுதல் வரி கட்டுவது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. இங்கே குடியிருக்காததால் பொதுக்கூட்டத்தில் அவனுக்கு ஓட்டு இல்லை. அதனால் என்ன, கூட்டமே செல்லாமல் போனால் போதுமே!

குறைந்தது ஐம்பது பேர் வேண்டும் என்பது விதி. கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் சேர வேண்டும். இதோடு இன்னொரு விதியும் உண்டு. அது நாங்களே தலையில் வாரிப் போட்டுக்கொண்டது. சில வருடங்களுக்கு முன் குப்பை எடுக்கும் நாளை மாற்றுவது பற்றி ஓட்டெடுத்தபோது, கதவருகே நின்றவர்கள் புகை பிடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒரே கையை மூன்று முறை எண்ணி, அடிதடி ஆகி, ஒருவருடைய பல் செட் உடைந்தது. அன்றைக்கே கோபத்தில் விதி போட்டோம்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும்தான் எண்ண வேண்டும். எல்லாரும் கைதட்டினோம். அறிவுக்கொழுந்துகள்!

வெள்ளிக்கிழமை தொடங்கிய பனி சனிக்கிழமை மாலைவரை பெய்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். அதுவும் எங்கள் ஊர் அணியின் கால்பந்து ஆட்டம் டிவியில் வரும் நாள். தேதியை மாற்றுங்கள் என்று பெல்லிடம் கேட்டேன்.

“அறிவிச்சது அறிவிச்சதுதான், மிஸ் வெர்னெட்டா. விதிய நான் மீற முடியுமா?” என்றான், தேன் ஒழுக. கல்யாணமானவளையும் ‘மிஸ்’ என்பது எங்கள் ஊர் மரியாதை.

கூட்டம் நடக்கும் இடம் பழைய தீயணைப்பு நிலையம். உள்ளே போய்ப் பார்த்தேன். பதினைந்து இருபது நாற்காலிகள்தான் கிடந்தன. எங்கள் துப்புரவு ஆட்களின் தலைவர் கிளியோஃபஸ் சுவரோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“மீதி நாற்காலி எங்கய்யா?”

“வெள்ளிக்கிழம ஒரு சாவு வீட்டு விருந்துக்குக் கேட்டாங்கம்மா. பெல் ஐயாதான் குடுக்கச் சொன்னாரு. ஊருக்கு அந்தக் கோடி. வண்டி பனியில மாட்டிக்கிச்சு.”

பனியையும் பொருட்படுத்தாமல் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் லூசியஸ். கிளியோஃபஸின் ஆட்கள் அவரை நாற்காலியோடு சந்துப் பனியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் பெரிய மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினான். “உக்காந்திருக்கறது பத்தொம்பது பேரு.”

“நிக்கறவங்கல்லாம் என்ன பேயா?” என்றேன்.

“விதி, மிஸ் வெர்னெட்டா. நாற்காலியில உக்காந்தவங்கதான் கணக்கு.”

இரண்டு பேர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். “படி நாற்காலி ஆகாது” என்றான். ஒருத்தி மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். “மேசையும் ஆகாது” என்றான். கூட்டம் முணுமுணுத்தது. வந்தவர்களில் சிலர் ஆட்டம் தொடங்கிவிடும் என்று கோட்டை மாட்ட ஆரம்பித்தார்கள். இரண்டரை மணி தாண்டிவிட்டது. நான் லூசியஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. எதிர்வீட்டு கேஸ்கின்ஸ்!

இந்த கேஸ்கின்ஸும் நானும் பல வருடமாகக் கீரியும் பாம்பும். கார் நிறுத்தும் இடத்துக்காகப் போடாத சண்டை இல்லை. வட்டாரம் என்றாலே அவருக்கு ஆகாது. ‘பகல் கொள்ளை’ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், ஒரு கூட்டத்துக்கும் வந்தது கிடையாது. இன்றைக்கு முகம் சிவந்து, பனி அப்பிய பூட்ஸோடு, கையில் ஒரு மஞ்சள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த நாற்காலி தெருவுக்கே தெரியும். செத்துப்போன அவர் மனைவியின் சமையலறை நாற்காலி.

“எவன்டா அது? எவன்டா என் நாற்காலிய எடுத்துப் பனியில வீசிட்டு அந்தக் கறுப்பு வண்டிய நிறுத்துனவன்?”

தலைகள் ஒவ்வொன்றாகப் பெல்லின் பக்கம் திரும்பின.

பெல் தொண்டையைச் செருமினான். “கூட்டத்துக்கு நேரமாச்சு. வேற இடமில்ல. ஒரு பழைய நாற்காலிதானே...”

“பழைய நாற்காலிதானேவா!” யாரோ ஒரு கிழவி நெஞ்சில் கை வைத்தாள். “விட்ஃபோர்டு, உங்கம்மா இத கேட்டா குழியிலேருந்து எழுந்து வருவாடா!”

கேஸ்கின்ஸ் அவனை நோக்கிப் பாய்ந்தார். நான் குறுக்கே பாய்ந்து அவர் கோட்டைப் பிடித்தேன். எனக்குள் ஏதோ பளிச்சென்றது.

“கேஸ்கின்ஸ், அடிக்காதய்யா! அந்த நாற்காலிய இங்க போடு. போட்டு உக்காரு.”

“என்னடி சொல்றே?”

“உக்காருய்யா சொல்றேன்! உன் ஆயுசுல ஒரே ஒரு தரம் நான் சொல்றத கேளு!”

என் கத்தலில் அவர் அப்படியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் பெல்லைப் பார்த்தேன்.

“எண்ணு.”

“இது... குழுவோட நாற்காலி இல்ல.”

“குழுவோட நாற்காலின்னு விதியில எங்க இருக்கு? நாற்காலின்னுதான் இருக்கு. எண்ணுடா!”

அவன் உதடு அசைந்தது. “இருபது.”

லூசியஸ்தான் முதலில் சிரித்தார். கரகரவென்று, உருக்காலைச் சிரிப்பு. “ஏய், எல்லாரும் என்ன வேடிக்க பாக்கறீங்க? தெரு பூரா நாற்காலி நிக்குதே!”

அவ்வளவுதான். நின்றவர்கள் அத்தனை பேரும் கதவை நோக்கி ஓடினார்கள். வீட்டுக்குள் போய், பூட்ஸைக் கழற்றி, உள்ளிருந்து தூக்கி வர யாருக்கு நேரம்? பாதிக் கார்கள் வெளியே போயிருந்தன, அந்த இடங்களில் காவலுக்கு நிற்கும் நாற்காலிகள் கைக்கு எட்டும் தூரம். ஆனால் அவற்றைத் தூக்கினால் இடம் போச்சு. முதுகு வலிக்கத் தோண்டிய இடம், எவன் வேண்டுமானாலும் வந்து வண்டியை நுழைக்கலாம். வாசலில் ஒரு விநாடி எல்லாரும் தயங்கியதைப் பார்த்தேன்.

முதலில் தூக்கியவள் மேல்முனையில் குடியிருக்கும் நர்ஸ், இரட்டைக் குழந்தைக்காரி. அவள் கணவன் காரோடு வேலைக்குப் போயிருந்தான். குழந்தை உட்காரும் உயர நாற்காலியைத்தான் காவலுக்கு வைத்திருந்தாள். “போனா போகட்டும்!” என்று அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள்.

கேஸ்கின்ஸும் சும்மா இருக்கவில்லை. தன் மஞ்சள் நாற்காலியில் மஃப்ளரைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அந்தத் தொண்டைக்கு ஒலிபெருக்கி வேறு வேண்டுமா? “பெல் என் நாற்காலிய நகர்த்திட்டான்! நாற்காலிய நகர்த்திட்டான்!” என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டே போனார். சிறப்பு வரி, பொதுக்கூட்டம், மறு அனுமதி என்று நான் வாரக்கணக்காகத் தொண்டை வற்றக் கூப்பிட்டும் வராத ஜனம், அந்த ஒற்றை வார்த்தைக்கு வெளியே கொட்டியது. பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர். ஆட்டத்துக்காக எங்கள் அணியின் ஊதாச் சட்டை மாட்டி, முகத்தில் சாயம் பூசிய இளசுகள். பெல்லின் வாடகை வீடுகளிலிருந்தும் வந்தார்கள், குடும்பம் குடும்பமாக.

கடற்கரை நாற்காலி, மீன்பிடி நாற்காலி, நாலில் ஒரு கால் செங்கல்லாக இருந்த நாற்காலி. ஒரு தாத்தா ஆஸ்பத்திரி மலநாற்காலியைத் தூக்கி வந்து, மூடியைக் கண்ணியமாகச் சாத்தி, மேலே உட்கார்ந்தார். உருகிய பனி தரையெல்லாம் ஓடியது. சிரிப்புச் சத்தத்தில் பெல் எண்ணியது யாருக்கும் கேட்கவில்லை.

“சத்தமா எண்ணுங்கய்யா!” என்றார் கிளியோஃபஸ். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு முன்பே ஐம்பதைத் தாண்டியது. தாண்டி, அறுபதையும் தாண்டியது. கடைசியில் கேஸ்கின்ஸ் மூச்சு வாங்க உள்ளே வந்து தன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“வட்டாரம் தொடரணும்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றேன். தலைவன் சொல்ல வேண்டியது, அவனுக்கு வாய் வரவில்லை.

கைகள் எழுந்தன. கையுறைக் கை, சாயம் பூசின கை, மோதிரக் கை. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது இரண்டே பேர். நான் கேஸ்கின்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை முதலிலேயே மேலே போயிருந்தது, இன்னும் இறங்கவில்லை.

“என்ன பாக்கறே? வரி கொள்ளதான். இப்பவும் சொல்றேன். ஆனா வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து நம்ம நாற்காலிய எடுத்து எறிவானா? நம்ம தெருவ நாமதான் பாத்துக்கணும். அதுக்கு ஒரு கொள்ள கட்டித்தான் ஆகணும்னா கட்டித் தொலைக்கறேன்.”

அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்துவிட்டேன். “அய்ய, விடுடி, உம்புருஷன் பாக்கறான்!” என்று அலறினார். லூசியஸ் கைதட்டினார்.

வெளியே வந்தோம். தெரு முழுக்கத் தோண்டி வைத்த இடங்கள் காவலில்லாமல் திறந்து கிடந்தன. ஒன்றில்கூட வேறு வண்டி நுழையவில்லை. எப்படி நுழையும்? நுழைக்க வேண்டிய ஜனம் முழுக்க உள்ளே அல்லவா உட்கார்ந்திருந்தது! ஒவ்வொருவராக நாற்காலியைக் கொண்டுபோய் அதனதன் இடத்தில் வைத்தார்கள். நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் கூரையிலிருந்து சரிந்த பனி பெல்லின் கறுப்பு வண்டியைக் கதவுவரை மூடியிருந்தது. கடவுளே செய்த வேலை, நாங்கள் யாரும் கை வைக்கவில்லை.

பெல் கிளியோஃபஸிடம் போனான். “கொஞ்சம் வாரிக் குடுங்கப்பா.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமங்க ஐயா. எங்களுக்கு லீவு. நீங்கதான் போன மாசம் ஞாயித்துக்கிழம வேலைக்குக் காசு கிடையாதுன்னு எழுதிக் குடுத்தீங்க.”

கேஸ்கின்ஸ் தன் மண்வாரியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார். “பாத்து வாரு. முடிச்சிட்டு என் இடத்த சுத்தமா விட்டுட்டுப் போ.”

பெல் வாரினான். இருட்டும்வரை வாரினான். தெருவில் ஒருவரும் ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கிளியோஃபஸின் ஆட்கள் வந்து சந்துப் பனியைத் தரை தெரிய வாரினார்கள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தது. ஓட்டுநர் சக்கர நாற்காலியை ஏற்றும்போது லூசியஸ் என் கையைப் பிடித்தார்.

“மகளுக்குப் போன் பண்ணு. அந்த முதியோர் வீட்ட வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு. நான் சாயங்காலம் வந்துடுவேன்.”

“எங்கே வருவீங்க?” என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

“எங்க வருவேன்? என் வீட்டுக்குத்தான்!”