கேட்டியில் ஒரு பானிபட்

ஒன்பதரைக்கு டெமோ கிளாஸ். வசந்தாமணி எட்டே முக்காலுக்கே அந்தப் பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தராயின் போரை நாலாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் வசந்தா. கோரி முகமதுவே அங்க இத்தன தடவ படையெடுத்திருக்க மாட்டான்," என்றான் அவள் புருஷன் திருமூர்த்தி.

"நீங்க சும்மா இருங்க மாமா. இது போச்சுன்னா திங்கக்கெழமையிலிருந்து எனக்கு டெஸ்டிங் கிளாஸ்தான்."

அதுதான் விஷயம். டெக்ஸாஸில் இந்தக் கேட்டி ஊருக்கு வந்த நம்மூர்ப் பெண்களுக்கு வேலை பார்க்க அனுமதி வந்ததும், எல்லோரும் வரிசையாகப் போய் விழுகிற இடம் அந்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ். பல் டாக்டரும் அங்கேதான், தமிழ் எம்.ஏ.வும் அங்கேதான். கிரீன் கார்டு வந்த மூன்றாம் நாளே திருமூர்த்தி இவள் பெயரையும் கொடுத்துவிட்டான். பாவம், நல்ல மனசோடுதான் கொடுத்தான்.

ஆனால் வசந்தாமணி பொள்ளாச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு வருஷம் வரலாறு டீச்சராக இருந்தவள். டெக்ஸாஸுக்கு வந்த இந்தப் பதினொரு வருஷத்தில் வெண்பாவின் அம்மா என்றார்கள், ஆன்ட்டி என்றார்கள். டீச்சர் என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. அந்த ஏக்கம் அவளுக்குச் சோறு இறங்காத அளவுக்கு இருந்தது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்ளை பண்ணுகிறேன், கிடைக்காவிட்டால் வாயைத் திறக்காமல் டெஸ்டிங் படிக்கிறேன் என்று புருஷனிடம் சத்தியம் செய்திருந்தாள்.

ஏழாம் வகுப்பு வரலாற்று டீச்சருக்குப் பிரசவ லீவு. அந்த இடத்துக்குத்தான் ஆள் தேடினார்கள். 'இடைக்காலத்தை உருவாக்கிய முக்கிய நிகழ்வுகள், ஏதேனும் ஐந்து, இருபது நிமிடம்' என்று மெயிலில் ஒரு வரி வந்தது. படித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இடைக்காலமா! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே! 1192 தராயின், 1336 விஜயநகரம், 1526 பானிபட், 1565 தலைக்கோட்டை. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை ஆசை ஆசையாக முதல் ஸ்லைடில் வைத்தாள்.

பிரின்சிபல் மிஸஸ் ஹார்ப்பர் சிரித்த முகத்தோடு வந்து அவளைக் காரிடாரில் அழைத்துப் போனார். வகுப்பு வாசலில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. மெயிலில் வந்த அதே வரிதான் தலைப்பு. கீழே ரோமின் வீழ்ச்சி, சிலுவைப் போர், மாக்னா கார்ட்டா, கொள்ளை நோய். கடைசியில் 1453, அதற்குக் கீழே ஒரு தடித்த கோடு. அவ்வளவுதான், இடைக்காலம் முடிந்தது!

வசந்தாமணி அந்த வருஷத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். அட ஆண்டவா, பாபர் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த ஊர்க்காரர்கள் இடைக்காலத்தை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்களே! அவள் ஸ்லைடில் பாதி, கோட்டைத் தாண்டி நின்றது. மீதிப் பாதிக்கு அந்தச் சார்ட்டில் இடமே இல்லை. திரும்பி ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் மிஸஸ் ஹார்ப்பர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். அவள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மார்க்கரை எடுத்து வெள்ளைப் போர்டில் பெரிதாக 1453 என்று எழுதினாள். அந்தச் சார்ட்டில் இருந்ததில் அவளுக்கு ரத்தத்தில் ஊறிய வருஷம் அது ஒன்றுதான். ஐரோப்பியர் வருகைப் பாடத்தின் முதல் வரி. பொள்ளாச்சியில் அவள் இந்த வருஷத்தை எழுதிவிட்டுத் திரும்பினால் போதும், நாற்பத்தெட்டுப் பெண்களும் ஒரே குரலில், "துருக்கியர்கள் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினார்கள் டீச்சர்!" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு டீச்சர் தாமரைச்செல்வி சுவரைத் தட்டுவாள். இவர்கள் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள்.

அந்தப் பழக்கத்தில், ஆங்கிலத்தில் விஷயத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு, "என்ன நடந்தது?" என்று கையை உயர்த்தி நின்றாள்.

ஒரு சத்தமும் இல்லை. இருபத்திரண்டும் அவளையே பார்த்தன. எங்கே போனீர்கள் என் பெண்களே என்று வாய்விட்டு அழலாம் போலிருந்தது.

பிறகு ஏதோ ஒரு வீம்பு வந்தது. "எங்க ஸ்கூல்ல மொத்தக் கிளாஸும் சேந்துதான் பதில் சொல்லும். சொல்றவரைக்கும் நான் கையை இறக்க மாட்டேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலு குரல் கேட்டது. அவள் கை இறங்கவில்லை. அடுத்த தடவை வகுப்பே அதிர்ந்தது.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா! அந்த நகரம் போனதால் மிளகு வந்த பாதையே அடைபட்டது என்று அந்தக் காலத்துப் புத்தகம் சொன்னதைச் சொன்னாள். சப்பென்ற சாப்பாட்டுக்குப் பயந்து கப்பல் ஏறியவர்களைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் தேடிப்போன மிளகு தன் ஊர்ப்பக்கத்து மலையில் விளைவது என்று மார்தட்டிக்கொண்டாள். ஒரு சிறுமி கை தூக்கி, "மிளகு வெச்சிருந்தவங்களுக்கும் அப்பவே இடைக்காலம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லை கண்ணு. எங்களுக்கு இன்னும் முந்நூறு வருஷம் பாக்கி. அதை நம்பித்தான் நான் வேற ஒரு இடைக்காலத்தைத் தயார் பண்ணிட்டு வந்துட்டேன்," என்று உள்ளதைச் சொன்னாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பின் பெஞ்சில் மிஸஸ் ஹார்ப்பர் ஏதோ குறித்துக்கொண்டார். தொலைந்தது என்று நினைத்தாள் வசந்தாமணி.

பெல் அடித்ததும் வகுப்பு காலியானது. அடுத்து வரும் டீச்சருக்குச் சுத்தமான போர்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும், அது கைப்பழக்கம். அவள் டஸ்டரை எடுத்தாள்.

"ஐந்து நிகழ்வு கேட்டிருந்தோம். நீங்கள் ஒன்றுதான் சொன்னீர்கள்," என்றார் மிஸஸ் ஹார்ப்பர்.

"ஆமாம்," என்றாள். டஸ்டரைப் போர்டில் வைத்தாள்.

"துடைக்க வேண்டாம். திங்கட்கிழமை அந்த வருஷத்திலிருந்து பின்னால் போய், சார்ட்டில் மிச்சமிருக்கும் நாலையும் நீங்களே நடத்திவிடுங்கள்."

வசந்தாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தனாவது பீரியட்?" என்று கேட்டாள்.